பெல்ட்டின் மேல் விழுந்த இரண்டு பள்ளக் கோடுகள்: ஸ்கர்ட் ரப்பர் மாற்றிய அனுபவம்

அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில், சுண்ணாம்புக்கல் பிரிவின் இயந்திரப் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. கிரஷரில் உடைந்த கல்லை ஸ்டாக் யார்டுக்குக் கொண்டு செல்லும் கன்வேயரின் டெயில் பகுதியில், அதாவது கல் பெல்ட்டில் ஏறும் பின்முனையில், ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் முழங்கால் உயரத்துக்குத் தூளும் சல்லியும் குவிந்து கிடக்கும். அதை அள்ளுவதற்கென்றே இரண்டு பெண்கள் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார்கள். ஷிப்டுக்கு 12 முதல் 14 தள்ளுவண்டி வரை அவர்கள் அள்ளிக்கொட்டிய கணக்கு, கன்வேயர் மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில் மாதக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்கை அதுவரை யாரும் இயந்திரக் கோளாறாகப் படிக்கவில்லை. துப்புரவுக் கணக்காகவே படித்திருந்தோம். 2023 மே மாதத்து ஷட்டவுனில் அந்த இடத்தைப் பிரித்துச் சீர்செய்ததையும், அதற்குப் பின் வந்த மழைக்காலம் முடியும் வரை பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கன்வேயரின் விவரம் இது. பெல்ட்டின் அகலம் 1000 மி.மீ.; ஈபி 630/4 (பாலியஸ்டர்-நைலான் துணி) வகை, நான்கு துணி அடுக்குகள், மேல் ரப்பர் 5 மி.மீ. கனம், எம்-24 தரம். வேகம் நொடிக்கு 1.6 மீட்டர். மூன்று சம நீள ரோலர்கள் கொண்ட ஐட்லர்கள் 35 டிகிரி சாய்வில் பெல்ட்டைத் தொட்டியாக்கித் தாங்குகின்றன. 75 மி.மீ.க்குக் குறைவான கல் சூட் எனும் இறக்குவாய் வழியாக விழும் இடத்தில், அது சிந்தாமல் தடுக்க இரு பக்கமும் 3.6 மீட்டர் நீளத்துக்கு ஸ்கர்ட் பலகைகளும், அவற்றின் கீழ் விளிம்பில் பெல்ட்டைத் தொடும் ஸ்கர்ட் ரப்பரும் நிற்கின்றன. பலகைகளின் உள் இடைவெளி 660 மி.மீ., அதாவது பெல்ட் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதனால், பெல்ட்டின் வளைவும் ரப்பரின் கனமும் போக, ரப்பருக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் சுமார் 140 மி.மீ. பெல்ட் ஓரம் வெறுமையாக இருக்கும். பெல்ட் சற்றே ஒதுங்கி ஓடினாலும் ரப்பர் பெல்ட்டை விட்டு இறங்கிவிடாமல் இருப்பதற்கான இடம் அதுதான்.

ரப்பரைத் தொடுவதற்கு முன்னால் குவியல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கன்வேயரின் நீளம் முழுவதும் திரும்பு ரோலர்களுக்குக் கீழே மெல்லிய வரிசையாகத் தூள் கிடந்தால், அது பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு திரும்பி வருவது. கல்லைக் கொட்டும் முன்முனையான ஹெட் புல்லியில், பெல்ட்டைச் சுரண்டும் ஸ்கிரேப்பரைத்தான் பார்க்க வேண்டும். டெயில் புல்லிக்குப் பின்னால் குவிந்தால் பின்பக்க அடைப்பு போய்விட்டது என்று பொருள். ஸ்கர்ட்டின் நீளத்துக்கு இரு பக்கமும் கரை கட்டியதுபோல் கிடந்தால் ரப்பர் வழியாகக் கசிகிறது. எங்களிடம் மூன்றும் இருந்தன. ஆனால் பத்தில் ஏழு பங்கு ஸ்கர்ட் ஓரத்திலும், அதிலும் இடப்பக்கத்தில், சூட்டுக்கு நேர் கீழே முதல் ஒன்றரை மீட்டரிலும் கிடந்தது. இடம் அவ்வளவு குறிப்பாகத் தெரிந்தபோது, ரப்பர் தேய்ந்ததை மட்டும் காரணமாகச் சொல்ல முடியவில்லை. தேய்மானம் மட்டுமே காரணம் என்றால் 3.6 மீட்டரும் ஒரே மாதிரி அல்லவா கசிந்திருக்க வேண்டும்?

அதுவரை நாங்கள் செய்துவந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கசிந்தால் கிளாம்பைத் தளர்த்தி, ரப்பரைக் கீழே தள்ளி, மறுபடி இறுக்குவோம். எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர், வேலையில் யாரும் குறை சொல்ல முடியாதவர், ஒவ்வொரு முறையும் "இன்னும் நாலு நூல் இறக்கிட்டா நின்னுடும் சார்" என்பார். உண்மையிலேயே நிற்கும், இரண்டு நாளைக்கு. கடையில் ரப்பர் இல்லாத மாதங்களில், கழற்றிப் போட்ட பழைய பெல்ட்டையே 200 மி.மீ. அகலத்துக்குக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். செலவில்லாத வழி என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன் விலை என்ன என்பது, பெல்ட்டை நிறுத்தித் துடைத்துவிட்டு வெர்னியரின் ஆழக்கோலால் அளந்தபோது தெரிந்தது. இரு ஓரங்களிலிருந்தும் 140 மி.மீ. தள்ளி, பெல்ட்டின் முழு நீளத்துக்கும் இரண்டு இணைக்கோடுகளாகப் பள்ளம் விழுந்திருந்தது, வலப்பக்கம் 1.2 மி.மீ., இடப்பக்கம் 2.1 மி.மீ. மேல் ரப்பரே 5 மி.மீ.தான். இன்னும் கொஞ்சம் போனால் துணி அடுக்கு வெளியே தெரியும்; அதற்குப் பிறகு ஈரம் உள்ளே இறங்கும்; அடுக்குகள் பிரியும். பெல்ட்டின் நடுப்பகுதியில், கல் நேராக விழுந்து அடிபடும் இடத்தில்கூட இவ்வளவு தேய்மானம் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. கல் தேய்த்ததைவிட, கல்லைத் தடுப்பதற்காக நாங்கள் வைத்த ரப்பர் அதிகமாகத் தேய்த்திருக்கிறது.

பழைய பெல்ட் ஏன் ஆகாது என்பதைக் கழற்றிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே புரியும். வெட்டிய விளிம்பில் துணி அடுக்குகள் தெரிகின்றன. அந்த நூலிழைகளுக்குள் கல்தூள் புகுந்து உட்கார்ந்து, விளிம்பு உப்புத்தாள் போலாகிவிடுகிறது. அதைப் பெல்ட்டின் மேல் அழுத்திக் கட்டி, நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் பெல்ட்டை ஓட்டினால், நாமே பெல்ட்டுக்கு அரம் போடுகிறோம். மேலும், உரசும் இரண்டில் எது தேய வேண்டுமோ அது மென்மையாக இருக்க வேண்டும். விலை உயர்ந்தது பெல்ட். மலிவானது ஸ்கர்ட் ரப்பர். ஆகவே ரப்பர்தான் தேய வேண்டும். பெல்ட்டின் மேற்பரப்பு, ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில், 60ஐ ஒட்டி இருக்கும்; ஸ்கர்ட் ரப்பர் 40 முதல் 50க்குள் இருப்பது நல்லது. பழைய பெல்ட் துண்டோ வெயிலிலும் வயதிலும் இறுகி 70ஐத் தாண்டியிருந்தது. கடினத்தன்மையை அளக்கும் டூரோமீட்டர் எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

வேலைக்கு இரண்டு நாள் கிடைத்தது. முதலில் மின்தடுப்பு. மோட்டார் கட்டுப்பாட்டு அறையில் பிரேக்கரை வெளியே இழுத்து, எங்கள் பூட்டும் மின்பிரிவின் பூட்டும் போட்டு, அட்டை மாட்டி, பிறகு களத்தில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். மேலே கல் தள்ளும் ஏப்ரன் ஃபீடருக்கும் அதே முறை. கன்வேயரின் ஓரம் ஓடும் புல் கார்டு கயிற்றை இழுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கயிறு அவசரத்துக்கு நிறுத்துவதற்கு மட்டுமே, அதை நம்பிப் பெல்ட்டின் மேல் ஏறக் கூடாது. இழுவைக்காகத் தொங்கும் கவுன்டர்வெயிட்டைச் சங்கிலிபோட்டுச் சட்டத்தோடு கட்டினோம். சாய்வுக் கன்வேயர் என்பதால், சுமையோடு நிற்கும் பெல்ட் பின்வாங்காமல் தடுக்கும் ஹோல்ட்பேக் சரியாகப் பிடித்திருக்கிறதா என்றும் பார்த்தோம். சூட்டின் சுவரில் ஒட்டியிருந்த கல்லைப் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கடப்பாரையால் தட்டி விழச் செய்த பிறகே ஆளை அடியில் அனுப்பினேன்.

அளவெடுப்பதற்காக, வேண்டுமென்றே கல் ஏற்றியபடியே பெல்ட்டை நிறுத்தச் சொல்லியிருந்தேன். காலிப் பெல்ட் பொய் சொல்லும். ஐட்லருக்கு ஐட்லர் கம்பி போல் நேராக நிற்கும். சுமையோடு நிற்கும்போது, அடிச் சேனலிலிருந்து பெல்ட்டின் அடிப்பரப்பு வரை ஒவ்வொரு ஐட்லர் அருகிலும், இரண்டு ஐட்லர்களுக்கு நடுவிலும் டேப் பிடித்து அளந்தோம். சூட்டுக்கு நேர் கீழே முதல் இரண்டு இடைவெளிகளில் பெல்ட் நடுவில் 14 மி.மீ. தொங்கியிருந்தது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கல் விழும் அடியைத் தாங்கும் இம்பாக்ட் ரோலர்களில், பேரிங் போன சட்டங்கள் இரண்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள், மாற்றிப் போடவில்லை. 350 மி.மீ. இருந்திருக்க வேண்டிய இடைவெளி 700 மி.மீ. ஆகியிருந்தது. கல் விழும் ஒவ்வொரு கணமும் பெல்ட் கீழே போகிறது. ரப்பர் அங்கேயே நிற்கிறது. இடையில் விரல் நுழையும் அளவுக்குத் திறப்பு. அந்தத் திறப்பை மூட நாம் ரப்பரை 14 மி.மீ. இறக்கினால், ஐட்லருக்கு நேர் மேலே, பெல்ட் தொங்காத இடத்தில், அதே ரப்பர் 14 மி.மீ. நசுங்கிப் பெல்ட்டை அறுக்கிறது. நாலு நூல் என்பது ஏறத்தாழ 13 மி.மீ.தானே. நாங்கள் இறக்கிய நாலு நூலும் பெல்ட்டில் விழுந்த பள்ளமும் ஒன்றுக்கொன்று கணக்கு ஒத்துப்போனதை அன்று அந்தத் தூசுக்குள் உட்கார்ந்து பார்த்தபோது, எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவது குறை ஸ்கர்ட்டின் உட்பக்கத்தில் இருந்தது. கல்லின் பக்க அழுத்தத்தை ரப்பர் தாங்கக் கூடாது. அதற்கென்று உள்ளே தேய்மானத் தகடு, நாங்கள் லைனர் என்று சொல்வது, இருக்கிறது. ரப்பரின் வேலை லைனரைத் தாண்டி வரும் தூளை மட்டும் நிறுத்துவது. லைனரின் கீழ் விளிம்புக்கும் பெல்ட்டுக்கும் இடையே உள்ள சந்து, பெல்ட் போகும் திசையில் மெல்ல மெல்ல அகலமாக வேண்டும். அப்போதுதான் உள்ளே நுழைந்த கல் முன்னே செல்லச் செல்ல விடுபடும். எங்களிடம் அது தலைகீழாக இருந்தது. நுழைவில் 30 மி.மீ., வெளியேறும் இடத்தில் 9 மி.மீ. முன்பு ஒரு அவசரப் பழுதில், தேய்ந்துபோன முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதிக்கு மட்டும் புதுத்தகடு போட்டதன் விளைவு அது. நுழைந்த கல் குறுகிக்கொண்டே போகும் சந்தில் ஆப்பு அடித்ததுபோல் சிக்கி, ஓடும் பெல்ட்டைக் கீறிக்கொண்டே இருக்கும். அப்படிச் சிக்கியிருந்த ஏழெட்டுக் கற்களை நெம்பி எடுத்தோம். அதில் ஒன்றில் வரிவரியாகக் கிளிஞ்சல் படிந்திருந்தது. இந்த மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததற்கான சான்று எங்கள் சுரங்கத்துக் கல்லில் அடிக்கடி தட்டுப்படும். கடல் கொடுத்த கிளிஞ்சல், பெல்ட்டை அறுக்கும் உளியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஹெல்பர் பையன் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இடப்பக்கம் மட்டும் ஏன் அதிகம் கசிந்தது என்பதற்கும் விடை சூட்டுக்குள்ளேயே இருந்தது. மேலிருந்து வரும் கல் சூட்டின் வலச் சுவரில் மோதித் தெறித்து, பெல்ட்டின் இடப்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுமை ஒரு பக்கம் சேர்ந்தால் பெல்ட் நடுவைவிட்டு ஒதுங்கும். சூட்டுக்குள் ஒரு குறுக்குத் தகட்டை வைத்து, அதன் மேல் கல்லே கல்லைத் தாங்கும்படி ஒரு திட்டு உருவாக விட்டோம். விழும் பாதை நடுவுக்கு வந்தது. இதற்கு அரை நாள் போயிற்று, வேறொன்றும் சொல்வதற்கில்லை.

சீரமைப்பைக் கீழிருந்து தொடங்கினோம். கல் விழும் முதல் 1.4 மீட்டரில் 350 மி.மீ.க்கு ஒன்றாக ஐந்து இம்பாக்ட் ஐட்லர்களை வைத்தோம். எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பாக, ஒரே விட்டமாக எடுத்தேன். புதியதும் பழையதும் கலந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு வந்து, அதுவே மறுபடி ரப்பருக்கு அடியில் அலையாகிவிடும். முதல் ஐட்லரிலிருந்து ஸ்கர்ட்டின் கடைசி ஐட்லர் வரை மூன்று ரோலர்களின் மேலும் தனித்தனியே நூல் பிடித்து, தாழ்ந்திருந்த சட்டங்களுக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து உயர்த்தினோம். பிறகு, ஐட்லர்களுக்கு நடுவேயும் பெல்ட் ஓரம் தொங்காமல் இருக்க, ரப்பர் தொடும் கோட்டுக்கு நேர் கீழே இரு பக்கமும் வழுக்குப் பட்டைகள் வைத்தோம். இவை மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனால் ஆனவை. ஆங்கிள் சட்டத்தில் இவற்றைப் பொருத்தும்போது, போல்ட் தலைகள் மேற்பரப்புக்கு 10 மி.மீ. கீழே குழிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பட்டை தேயத் தேய போல்ட் தலை வெளியே வந்து பெல்ட்டைக் கிழித்த கதை ஒன்று எனக்கு வேறோர் இடத்தில் தெரியும். பட்டையின் மேற்பரப்பு ரோலர் மட்டத்துக்கு 1 அல்லது 2 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். காலிப் பெல்ட் ரோலரில் ஓடும். கல் விழுந்து பெல்ட் தாழும்போது மட்டும் பட்டை கைகொடுக்கும். இந்தப் பிளாஸ்டிக்கைத் தொடர்ந்து 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், சூளையிலிருந்து வரும் சூடான கிளிங்கர் ஓடும் கன்வேயருக்கு இந்த வழியை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. அங்கே ரப்பரும் வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.

லைனர் வேலைக்குக் கேஸ் கட்டிங்கும் வெல்டிங்கும் தேவைப்பட்டன. ரப்பர் பெல்ட்டுக்கு அரை அடி மேலே நெருப்பு வேலை செய்வது என்றால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதையே பார்க்க வேண்டும். பெல்ட்டின் மேல் தகடு விரித்து, அதன் மேல் நனைத்த சாக்கு போட்டு, தண்ணீர்க் குழாயோடு ஓர் ஆளை நிறுத்தினோம். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் அவர் அங்கேயே இருந்தார், ஏனென்றால் ரப்பருக்குள் புகைந்துகொண்டிருக்கும் பொறி ஆள் போன பிறகுதான் பற்றும். வெல்டிங்கின் எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் தகட்டிலேயே பிடித்தோம். தூரத்தில் எங்காவது மாட்டினால் மின்சாரம் ரோலர் பேரிங்குகளின் வழியாகப் பாய்ந்து அவற்றைக் குழிபறித்துவிடும். புது லைனர்களின் கீழ் விளிம்பை நுழைவில் 12 மி.மீ. சந்தும், வெளியேறும் இடத்தில் 25 மி.மீ. சந்தும் இருக்கும்படி ஒரே நேர்கோட்டில் நிறுத்தினோம். தகடுக்குத் தகடு இணையும் இடத்தில் ரம்பப் பல் போல ஏற்றத்தாழ்வு வந்துவிடாமல் கிரைண்டர் ஓட்டிச் சமன் செய்தோம்.

ரப்பர் இதற்குப் பிறகுதான். 15 மி.மீ. கனம், 200 மி.மீ. அகலம், துணி அடுக்கு இல்லாத முழு ரப்பர், அளந்து பார்த்தபோது ஷோர் ஏ 45. ஒவ்வொரு பக்கமும் ஒரே நீளத் துண்டாகவே போட்டோம், ஏனென்றால் இரண்டு துண்டை ஒட்டவைத்தால் அந்த இணைப்பில்தான் முதல் கசிவு தொடங்கும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெட்டினால் விளிம்பு பிசிறில்லாமல் வரும். பழைய முறையில் ரப்பரில் துளை போட்டு, நீள் துளைத் தகட்டின் வழியாக போல்ட் இறுக்கியிருந்தார்கள்; ஆறு மாதத்தில் தூளும் துருவும் சேர்ந்து நட் அசையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதனால் யாரும் சரிசெய்யவே முன்வர மாட்டார்கள். இந்த முறை, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இறுகவும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழலவும் கூடிய ஆப்புக் கிளாம்புகளை எங்கள் பட்டறையிலேயே செய்தோம். சுலபமாகச் சரிசெய்ய முடிவதுதான் சரியாக வைத்திருக்கப்படும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு தவறும் செய்தேன். கிளாம்புகளை 600 மி.மீ.க்கு ஒன்றாக வைத்து நேராக ரப்பரின் மேலேயே இறுக்கியதில், கிளாம்பு இருக்கும் இடத்தில் ரப்பர் உள்வாங்கி, நடுவில் புடைத்து, கீழ் விளிம்பு பாம்பு போல நெளிந்து நின்றது. எல்லாவற்றையும் கழற்றி, 50க்கு 6 மி.மீ. ஃபிளாட் பட்டை ஒன்றை முழு நீளத்துக்கும் ரப்பரின் மேல் வைத்து, அதன் மேல் கிளாம்பு பிடித்த பிறகு விளிம்பு நேரானது. ரப்பர் பெல்ட்டை எவ்வளவு தொட வேண்டும் என்பதற்கு ஒரு தடித்த காகிதத் துண்டுதான் அளவுகோல். நின்றிருக்கும் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் இடையே அதைச் செருகி இழுத்தால் லேசான பிடிப்போடு வர வேண்டும். கிழிந்தால் அழுத்தம் அதிகம், தானாக நழுவினால் தொடவில்லை. மூத்த ஃபிட்டர் காகிதத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது தொட்ட மாதிரியே இல்லையே சார், பொடி எப்படி நிக்கும்?" என்று கேட்டார். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். எனக்குள்ளும் அதே கேள்வி இல்லாமல் இல்லை.

டெயில் பக்கத்துப் பின் அடைப்பையும் அதே ரப்பரால் மாற்றினோம். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, திரும்பி வரும் பெல்ட்டின் உட்பக்கத்தில், டெயில் புல்லிக்குச் சற்று முன்னால் இருக்கும் வி வடிவத் துடைப்பான். ஸ்கர்ட்டில் கசியும் கல் கீழே உள்ள திரும்பு பெல்ட்டின் மேல் விழுந்து, அப்படியே புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே போனால், ஒரே சுற்றில் பெல்ட்டைத் துளைத்துவிடும். எங்கள் துடைப்பானின் ரப்பர் முழுவதும் தேய்ந்து, இரும்புச் சட்டம் பெல்ட்டைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கன்வேயர் முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் செய்த பழுது அதுதான். கொஞ்சம் தாமதித்திருந்தால் மிக அதிகச் செலவு வைத்திருக்கக்கூடியதும் அதுதான்.

மூன்றாம் நாள் காலையில் காலியாக அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பிறகு பாதிச் சுமை, பிறகு முழுச் சுமை. இடப்பக்கத்தில் சிறிது தூள் வந்தது. உடனே ரப்பரை இறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், ஏனென்றால் புது ரப்பர் பெல்ட்டின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து உட்காரச் சில மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரம் கழித்து நிறுத்தி, பூட்டிவிட்டு, புறங்கையால் ரப்பரின் கீழ் விளிம்பை முழு நீளத்துக்கும் தொட்டுப் பார்த்தோம். வலப்பக்கத்தில் கடைசி அரை மீட்டர் சுட்டது. பெல்ட்டின் மேல் அந்தக் கோட்டில் கறுப்பாக மெல்லிய ரப்பர்ப்பொடியும் இருந்தது. சூடும் கரும்பொடியும் ஒரே இடத்தில் இருந்தால் அழுத்தம் அதிகம் என்பதில் ஐயமில்லை. அங்கே இரண்டு கிளாம்புகளைத் தட்டித் தளர்த்தி 2 மி.மீ. உயர்த்தினோம். காலியாக ஓடும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் பழைய ரப்பரோடு 26 ஆம்பியராக இருந்தது, இப்போது 24. இரண்டு ஆம்பியர் சிறிய எண்தான். ஆனால் அந்த இரண்டு ஆம்பியரும் அதுவரை பெல்ட்டைத் தேய்ப்பதற்கே செலவாகியிருக்கிறது. மாலையில் மூத்த ஃபிட்டர் டார்ச் அடித்து இரு பக்கமும் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பக்கத்துக் கன்வேயருக்கும் ஐட்லர் இடைவெளி அளந்து என் மேசையில் சீட்டு வைத்திருந்தார்.

இரண்டாவது தவறு தூசித் திரையில் நேர்ந்தது. விழும் கல் தன்னோடு காற்றையும் இழுத்து வருவதால், ஸ்கர்ட்டின் வெளியேறும் வாயில் தூசி புகையாகக் கிளம்பும். அதை அடக்க, கீற்றுக் கீற்றாக வெட்டிய ரப்பர்த் திரையைத் தொங்கவிட்டேன். ஆர்வத்தில் அதைத் தாழ்வாகத் தொங்கவிட்டுவிட்டேன். கல் குவியலின் உச்சி திரையில் இடித்து, பெரிய கற்கள் பக்கவாட்டில் உருண்டு நடைபாதையில் விழுந்தன. அடைப்பதற்கு வைத்ததே சிந்தவைத்தது. குவியலின் வழக்கமான உயரத்துக்கு மேலே சிறிது இடம் விட்டுத் திரையை உயர்த்தி, ஒரு முழம் உள்ளே தள்ளி இரண்டாவது திரை ஒன்றும் கட்டினோம். இரண்டுக்கும் நடுவில் காற்று வேகம் குறைந்து தூசி பெல்ட்டிலேயே படிகிறது.

கோடை முழுவதும் நன்றாகவே ஓடியது. உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகையில் வந்தது. எங்கள் சுரங்கத்துக் கல்லோடு களிமண்ணும் வரும். மழை பெய்தால் அது மாவு போலப் பிசுபிசுத்து, லைனருக்கும் ரப்பருக்கும் நடுவே உள்ள இடத்தில் அப்பிக்கொள்ளும். இரண்டு நாள் வெயில் அடித்தால் அதுவே காரை போட்டதுபோல் இறுகிவிடும். இறுகிய களி, ரப்பரை வெளிப்பக்கம் தள்ளுவதோடு, தானே பெல்ட்டை உரசவும் தொடங்கும். நவம்பரில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டதில் இடப்பக்கம் நான்கு தள்ளுவண்டி வரை சிந்தியது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் வாரம் இருமுறை, கன்வேயரைப் பூட்டிவிட்டு, கிளாம்பைத் தட்டி ரப்பரைக் கழற்றி, மரக்கட்டையால் களியைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டுகிறோம். கடப்பாரை கூடாது என்று எழுதியே ஒட்டியிருக்கிறேன், ஒரு முறை அதன் முனை நழுவிப் பெல்ட்டில் விரல் நீளத்துக்குக் கீறியதால். ஆப்புக் கிளாம்பு இருப்பதால் இந்த வேலை முழுவதும் 40 நிமிடத்தில் முடிகிறது. பழைய போல்ட் முறையில் இதை யாரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறை நின்றிருக்கும்போது காகிதம் செருகிப் பார்ப்பது, மாதம் ஒருமுறை லைனர் சந்தை நான்கு இடங்களில் அளப்பது, ஐட்லர் ஏதாவது நின்றுபோயிருக்கிறதா என்று ஓட்டத்தில் தடுப்புக்கு வெளியே நின்று கேட்பது, இவ்வளவுதான் வேலை. சிந்தல் இப்போது ஷிப்டுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைத் தள்ளுவண்டி. அள்ளுகிற பெண்களில் மூத்தவர், "இப்ப அங்க குனிய வேண்டியதே இல்லை தம்பி, நின்னபோது வாரிட்டுப் போயிடறோம்" என்றார். டெயில் புல்லிக்கு அருகே, ஓடும் பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டியை நீட்டி அள்ளுவது அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இயங்கும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 21ஆம் பிரிவும், ஓடும் இயந்திரத்தின் அருகே செய்யும் வேலை குறித்து 22ஆம் பிரிவும் வகுத்திருந்ததெல்லாம் எங்கள் பயிற்சி வகுப்பில் மனப்பாடமாக ஒப்பிக்கப்பட்டதுதான். ஆனாலும் குவியல் இருந்த வரையில் யாராவது குனிந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது அந்தப் பக்கத்துக்குக் கம்பி வலைத் தடுப்பைப் போட்டு மூடிவிட்டோம். முன்பு அதை மாட்டினால், அள்ளுவதற்காக ஒரே நாளில் கழற்றிவிடுவார்கள்.

டிசம்பர் கடைசியில் பள்ளக் கோடுகளை மறுபடி அளந்தேன். வலப்பக்கம் 1.2 மி.மீ.யாகவே நின்றிருக்கிறது. இடப்பக்கம் 2.1 மி.மீ.யிலிருந்து 2.2 மி.மீ.; அந்த 0.1 மி.மீ. நவம்பரில் விட்ட ஒரு வாரத்துடையதா, ஆழக்கோலைப் பிடித்த என் கையுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கர்ட் ரப்பர் 6 மி.மீ. தேய்ந்திருக்கிறது, கிளாம்பில் இன்னும் 60 மி.மீ. இறக்க இடம் உண்டு. பக்கத்துக் கன்வேயரில் ஐட்லர் இடைவெளி 650 மி.மீ. என்று ஃபிட்டர் வைத்த சீட்டின்படி, அதற்கான ஐட்லர்களுக்கு ஜனவரியில் ஆர்டர் போட்டாயிற்று.